குறை ஷேடிங்கில் இல்லை

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: ஐந்து ஆண்டுகளாகப் பென்சிலில் வரைகிறீர்கள். போட்டோவைப் பார்த்து முகம் வரைந்தால் யார் என்று எல்லோருக்கும் தெரிகிறது, பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் வரைவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் படம் மட்டும் ஏதோ சின்னப் பிள்ளை வரைந்ததுபோல் தெரிகிறது. ஷேடிங்கை மெருகேற்ற வேண்டுமா, நல்ல பென்சில் வாங்க வேண்டுமா, தினமும் எத்தனை மணி நேரம் வரைய வேண்டும்?

நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். உங்கள் கட்டத்தில் இருப்பவர்கள் காட்டிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே கோளாறு. தப்பு நடந்தது முதல் பத்து நிமிடத்தில். அதற்கு மேல் பத்து மணி நேரம் ஷேடிங் செய்திருப்பார்கள். கண்ணே இடம் மாறி உட்கார்ந்துவிட்ட பிறகு இமைமுடியை ஒவ்வொன்றாக வரைந்து என்ன செய்ய?

இதில் நானும் அனுபவப்பட்டவன்தான். ஒரு முதியவரின் முகத்தை மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தேன். நெற்றிச் சுருக்கம், தாடியின் நரைமுடி எல்லாம் எண்ணிவிடலாம் போலிருந்தது. முடித்த அன்று அலமாரிக் கண்ணாடியைக் கடக்கும்போது தற்செயலாக அதில் படம் தெரிந்தது. ஒரு கண் மற்றதைவிட அரை விரல் கீழே இறங்கியிருந்தது. தாடை ஒரு பக்கமாக வழுக்கிப் போயிருந்தது. மூன்று வாரமும் என் கண் முன்னால்தான் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய தப்பைக் கண் சரி என்றே எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் இடம் வலமாகத் திருப்பிக் காட்டினால் அதற்கு அது புதுப்படம், உடனே மாட்டிக்கொள்ளும். இது பழைய உபாயம்தான். 1435-இலேயே ஆல்பெர்ட்டி என்ற இத்தாலியர், ஓவியத்தின் குறையைக் கண்ணாடியில் பார்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறார். லியனார்டோ டாவின்சியும் அதையே சொன்னார். கணினியில் வரைகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. தாளில் வரைந்தால் கைப்பேசியில் படம் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். முடித்த பிறகு பார்த்துப் பயனில்லை, பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? கடைசியாக வரைந்த பத்துப் படங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலப்படத்தை அதே அளவில் அச்செடுத்து, ட்ரேசிங் தாளில் அதன் முக்கியக் கோடுகளை எடுத்து, உங்கள் படத்தின் மேல் வையுங்கள். எங்கெல்லாம் விலகியிருக்கிறதோ அங்கே சிவப்புப் பேனாவால் குறியுங்கள். மூன்றாவது நான்காவது படத்துக்கு வரும்போதே ஒன்று தெரியும்: தப்புகள் தாறுமாறாக இல்லை, அதே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. எனக்குத் தலை எப்போதும் உடம்புக்குப் பெரிதாக வரும். இன்னொருவருக்கு எல்லா உருவமும் ஒரே பக்கம் சாயும். உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது தெரியாமல் தினம் நான்கு மணி நேரம் வரைந்தால் அந்தத் தப்பைத்தான் நான்கு மணி நேரம் பழகுகிறீர்கள்.

முகத்தில் நான் அதிகம் பார்ப்பது கண்ணை மேலே ஏற்றிவிடுவது. தலையுச்சிக்கும் தாடை நுனிக்கும் சரிபாதியில் இருக்கிறது கண். நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள். நம் கவனமெல்லாம் கண், மூக்கு, வாயில் இருப்பதால் நெற்றிக்கு மேலே இருக்கும் மண்டையைச் சின்னதாக்கிவிடுகிறோம். முக்கால் பக்கமாகத் திரும்பிய முகம் என்றால், தூரத்துக் கண்ணையும் கிட்டத்துக் கண் அளவுக்கே அகலமாகப் போடுவார்கள். கை சிறுத்துவிடும், கால் அதைவிடச் சிறுத்துவிடும். விரித்த கை தாடையிலிருந்து நெற்றிமுடி தொடங்கும் இடம் வரை முகத்தை மூடும். பாதம் கிட்டத்தட்ட முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட நீளம்.

இவையெல்லாம் ஏன் நடக்கின்றன என்றால், நாம் பார்ப்பதை வரைவதில்லை, பெயரை வரைகிறோம். 'கண்' என்று மனதில் வந்த உடனே சின்ன வயதிலிருந்து பழகிய ஒரு மீன் வடிவம் கைக்கு வந்துவிடுகிறது. அதை ஏமாற்ற இரண்டு வழி. ஒன்று, மூலப்படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. அப்போது கண் கண்ணாகத் தெரியாது, வெறும் வடிவமாகத் தெரியும். இன்னொன்று, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை வரைவது. இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கையை வரையாதீர்கள், கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் முக்கோணத்தை வரையுங்கள். முக்கோணம் சரியாக வந்தால் கையும் சரியாக வந்திருக்கும். வளைவுகளையும் முதலில் நேர்கோட்டுத் துண்டுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். நேர்கோடு எங்கே திரும்புகிறது என்று கணிப்பது எளிது, வளைவு ஆளை ஏய்த்துவிடும். பென்சிலை நீட்டி அளக்கும்போது முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளக்க வேண்டும். கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். பாதிப்பேர் இதில் கோட்டைவிட்டு, 'அளந்தும் சரியாக வரவில்லை' என்பார்கள்.

அளப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல், 27 வயதில். உடனே அவர் செய்தது, சார்லஸ் பார்க் என்பவர் ஜெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து வெளியிட்டிருந்த வரைபயிற்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்தது. அந்தத் தாள்கள் பலவற்றில் ஒரு பக்கம் நேர்கோடுகளால் ஆன கட்டமைப்பும் பக்கத்திலேயே முடித்த படமும் இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து, நூல் கட்டிய ஒரு மரச்சட்டத்தைச் செய்துகொண்டு அதன் வழியே பார்த்து வரைந்தார். அந்தத் தாள்களின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, தேடினால் கிடைக்கும். ஐந்தாறு தாள்களைப் பிழை திருத்திப் பிழை திருத்தி முடித்துப் பாருங்கள், கண் கூர்மையாவதை நீங்களே உணர்வீர்கள்.

ஆனால் பார்த்து வரைவதற்கு ஒரு எல்லை உண்டு. மூலப்படத்தை மூடிவைத்துவிட்டு அதே முகத்தைக் கொஞ்சம் கீழேயிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள் என்றால் வருமா? பெரும்பாலோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். தொழிலில் வருகிற வேலை இப்படித்தான் இருக்கும்: 'அதே பையன், மரக்கிளையில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்க்கிறான், மேலேயிருந்து பார்க்கிற கோணம்.' அதற்குப் போட்டோ எங்கே போய்த் தேடுவது? பொருளின் கன அளவைப் புரிந்துகொண்டு மனதில் அதைச் சுழற்றத் தெரிந்தால்தான் இது முடியும்.

இதற்கு முகத்தைவிட நல்ல ஆசிரியர் ஒரு கோப்பை. கைப்பிடியுள்ள சாதாரணக் கோப்பையை மேசையில் வையுங்கள், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. வாய் விளிம்பு ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகமும் நீள்வட்டம்தான், முன்பாதி மட்டும் தெரிகிறது. இரண்டில் எது அதிகம் உருண்டையாக இருக்கிறது? அடிதான். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும். ஆனால் பத்துப் பேரை வரையச் சொன்னால் எட்டுப் பேர் வாயை நன்றாக உருட்டிவிட்டு அடியைத் தட்டையான கோடாகப் போடுவார்கள். மேசை தட்டை, கோப்பை அதில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அடியும் தட்டை என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அடுத்து, நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பாதாம் பருப்பு போலக் கூராக வரைவது இன்னொரு பழக்கம். எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தாலும் ஓரம் சின்னதாக வளைந்துதான் திரும்பும், முனை இருக்காது. இப்போது கோப்பையைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கோப்பையின் நடுவில் ஒரு குச்சியைச் சொருகியதாக நினைத்துக்கொண்டால், நீள்வட்டத்தின் நீளவாக்கு அந்தக் குச்சிக்குச் சரியாகக் குறுக்காக நிற்கும். கோப்பை எப்படிப் புரண்டாலும் அப்படித்தான்.

கோப்பையைக் கண்ணாடியால் செய்தது என்று நினைத்துக்கொண்டு, மறைந்திருக்கும் பின்பக்கக் கோட்டையும் சேர்த்து வரையுங்கள். மேலே, கீழே, சாய்த்து, உருட்டி ஐம்பது கோப்பை. சலிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் உங்கள் பழைய முகப்படத்தில் சட்டைக் காலரைப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி வராமல் முன்னால் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அது கோப்பையின் வாய்தான். சட்டைக் கையின் மடிப்பு, தொப்பியின் விளிம்பு, வளையல், வண்டிச் சக்கரம் எல்லாம் அதே கோப்பைதான். பெட்டிகளும் இதேபோல. ஒரு செங்கல்லைப் பல கோணத்தில் மனதிலிருந்து வரைந்து, பக்கக் கோடுகளை நீட்டி, அவை ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றனவா என்று சோதியுங்கள். செங்கல் வந்தால் நாற்காலி வரும், வீடு வரும், தலையும் வரும்.

உடற்கூறைப் பற்றி ஒரு வார்த்தை. தசைகளின் பெயரை மனப்பாடம் செய்து யாரும் நன்றாக வரைந்து நான் பார்த்ததில்லை. மண்டை, விலாக்கூடு, இடுப்பெலும்பு, இந்த மூன்று கட்டிகளும் ஒன்றுக்கொன்று எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று பிடித்துவிட்டால் உருவம் நிற்கும். பிறகு தோலுக்கு அருகிலேயே எலும்பு தெரியும் இடங்கள்: காறை எலும்பு, முழங்கை, முழங்கால் சில்லு, கணுக்கால். கணுக்காலின் உள்பக்க மொட்டு வெளிப்பக்க மொட்டைவிட உயரத்தில் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டால் பாதம் மரக்கட்டை போலாகிவிடும், ஏன் என்றும் புரியாது. உருவம் நிற்கும் நிலையையும் அசைவையும் மட்டும் பிடித்து, நிமிடத்துக்குள் முடிக்கும் கெஸ்ச்சர் படங்கள் தினமும் பத்துப் பதினைந்து போடுங்கள். அவசரத்தில் கிறுக்குவது கெஸ்ச்சர் ஆகாது. எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் ஒரு தாள் இருக்கிறது. வத்திக்கானின் சிஸ்டீன் ஆலயக் கூரைக்கான லிபிய சிபில் என்ற குறிசொல்லும் பெண்ணின் உருவத்துக்குச் செம்மண் நிறச் சாக் கட்டியால் போட்டுப் பார்த்தது, சுமார் 1510-11. நடுவில் திரும்பிய முதுகு, ஓரங்களில் முகம், கை, அப்புறம் கால் பெருவிரல் மட்டும் மீண்டும் மீண்டும். டேவிட் சிலையை முடித்து ஆறேழு ஆண்டு ஆகிவிட்ட மனிதர் அவர். இணையத்தில் அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பெருவிரல்களை மட்டும் பாருங்கள். நமக்கெல்லாம் ஒரு காதை இரண்டாம் முறை வரையச் சொன்னால் கோபம் வருகிறது.

இனி கோடு. தொழில்முறைப் படத்தையும் மற்றதையும் தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டுவது இதுதான். சின்னச் சின்னக் கீறல்களாகச் சேர்த்து இழுத்த கோடு முடி முளைத்தது போலிருக்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நீளக் கோடு வராது, தோளிலிருந்து இழுக்க வேண்டும். இரண்டு புள்ளி வைத்து, பென்சிலைத் தாளில் தொடாமல் இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பில் சேருங்கள். கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறோம்? தினம் பத்து நிமிடம் பேனாவில் வரையுங்கள். அழிக்க முடியாது என்றால் கை தானாக யோசித்துப் போடும். ஒரு வடிவம் மற்றொன்றின் பின்னால் மறையும் இடத்திலும் எடை அழுந்தும் இடத்திலும் கோட்டைத் தடிப்பாக்குங்கள், வெளிச்சம் படும் பக்கம் மெலியவிடுங்கள். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று சும்மா சொல்லவில்லை. கோட்டைப் பொறுத்தவரை அது முழு உண்மை. மற்றதெல்லாம் கண்பழக்கம் என்பேன்.

நீங்கள் கேட்ட ஷேடிங்குக்கு இப்போது வரலாம். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, ஆனாலும் ஊகித்துச் சொல்கிறேன்: எல்லாம் நடுத்தரச் சாம்பலாக இருக்கும். கருமைக்குப் பயம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டே கூட்டமாகத் தெரியும். முதலில் அந்த இரண்டைப் பிரியுங்கள். வெளிச்சக் கூட்டத்தில் இருக்கும் எதுவும் நிழல் கூட்டத்தில் இருப்பதைவிடக் கறுப்பாகக் கூடாது என்ற விதியைக் கொஞ்ச நாள் கண்டிப்பாகப் பிடியுங்கள். நிழலுக்குள் எதிரொளித்து வரும் மெல்லிய வெளிச்சத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை வெள்ளையாக்கிவிடுவார்கள், கன்னம் தகரம் போல மின்னும். அடுத்தது ஓரங்கள். எல்லா ஓரமும் ஒரே கூர்மையாக இருந்தால் படம் வெட்டி ஒட்டியது போலிருக்கும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழுகிறது என்றால், மூக்கை ஒட்டிய இடத்தில் அதன் ஓரம் கூராக இருக்கும், விலக விலகக் கரையும். கன்னம் திரும்பி நிழலுக்குள் போகும் இடத்தில் ஓரமே தெரியாது. இந்த வித்தியாசத்தை விரலால் தேய்த்துக் கொண்டுவர முடியாது. தேய்த்தால் எல்லாம் ஒரே வழவழப்பாகிப் பொம்மை முகம்தான் வரும்.

போட்டோவை மட்டும் நம்பியிருப்பதையும் குறையுங்கள். கிட்டத்தில் வைத்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கியிருக்கும், நிழலுக்குள் இருப்பதைக் கேமரா பெரும்பாலும் கறுப்பாக விழுங்கிவிடும். நேரில் வரைய ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். வரையாத கை ஒன்று சும்மாதானே இருக்கிறது.

எத்தனை மணி நேரம் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச்புக்கின் கடைசிப் பக்கங்களைப் பிழைக் கணக்குக்கு ஒதுக்குங்கள்: தேதி, என்ன தப்பு, எப்படித் திருத்தினேன். ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் உங்களுக்குப் பிடித்த படத்தை முடியுங்கள், அதுவும் சொந்தப் படம். பெட்டியும் கோப்பையுமாகவே வருடக்கணக்கில் வரைந்து, ஒரு முழுப்படம் போடச் சொன்னால் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரிடமாவது காட்டும்போது 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'அருமை' என்றுதான் பதில் வரும். 'இந்தத் தோள் உடம்போடு சேர்ந்திருக்கிறதா' என்று கேளுங்கள்.

வேலைக்கு வந்துவிட்டால் இன்னொரு பரீட்சை இருக்கிறது. என் முதல் சிறுவர் புத்தகத்தில் ஒரு சிறுமி பதினெட்டுப் பக்கம் வருகிறாள். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக நன்றாகவே வந்தது. எடிட்டர் எதுவும் எழுதாமல், அவள் முகங்களை மட்டும் வெட்டி ஒரே வரிசையில் ஒட்டி அனுப்பினார். அக்காவும் தங்கைகளும் சேர்ந்து நிற்பது போலிருந்தது. தலை பெருத்துக்கொண்டே போகிறது, சடை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறுகிறது. பதினொரு பக்கம் திரும்ப வரைந்தேன். அதிலிருந்து எந்தப் பாத்திரமானாலும் முதலில் முன், பக்கம், பின் என்று மூன்று நிலையில் ஒரு அளவுத்தாள் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பக்கம் ஒன்றைத் தொடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஏழெட்டு தம்ப்நெயில், அதாவது குட்டி மாதிரிப்படம் போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே டோனில் எது தெளிவாக நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். க்ளையன்ட் திருத்தச் சொல்வதானால் அந்தக் கட்டத்தில் சொல்லட்டும், அங்கே மாற்ற ஐந்து நிமிடம் போதும். கணினியில் வரைந்தால் அச்சு அளவை முன்பே கேட்டுவிடுங்கள். ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480-க்கு 3508 பிக்ஸல். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்க முடியாது. வேலை கேட்கும்போது காட்டும் படத்தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பன்னிரண்டு படம் தாராளம். பதிமூன்றாவதாக மனசில்லாமல் சேர்க்கும் படத்தைத்தான் பார்ப்பவர்கள் சரியாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பென்சில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈயம் என்கிறோமே தவிர உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் எச் பக்கம், கடினமாகவும் வெளிறியும் வரும். குறைந்தால் பி பக்கம், மென்மையாகவும் கறுப்பாகவும் வரும். எச்பி, 2பி, 4பி மூன்றும் பிசைந்து உருட்டுகிற ரப்பர் ஒன்றும் போதும். 8பியை எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பு வராமல் பளபளப்புதான் வரும். நிஜமான கறுப்பு வேண்டும் என்றால் கரிப்பென்சிலுக்குப் போய்விடுங்கள். ஷார்ப்னரை விட்டுவிட்டு பிளேடில் சீவுங்கள். முனை ஒரு விரற்கடை நீளமாவது வெளியே இருந்தால்தான் சாய்த்துப் பிடித்துப் பட்டையாகத் தீட்ட வரும்.